லாரியில் ஆக்சிலை வாள் மாதிரி உருவினார்கள், என் பிக்கப்பில் ஏன் வரவில்லை?

மண்பாதை எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். நாலு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் இங்கே வந்திருக்கிறேன்.

என் பிக்கப்பில் பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது. டயரின் உட்சுவர் முழுக்கக் கறுப்பு. மோந்து பார்த்தால் கந்தக வாடை, ஆக பிரேக் ஆயில் இல்லை, கியர் ஆயில்தான். பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் ஒதுங்குகிறது. ஆக்சில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்ற அளவுக்கு எனக்கே புரிந்தது.

போன வாரம் ஒரு லாரியில் வேலை நடப்பதைப் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் வட்டமாக எட்டு நட்டு. கழற்றினார், சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார், ஆள் உயரத்துக்கு ஒரு ஷாஃப்டை வாளை உறையிலிருந்து உருவுவது போல உருவிவிட்டார். சக்கரம் தரையிலேயே நின்றது. ஜாக்கிகூடப் போடவில்லை!

அதே தைரியத்தில் என் வண்டியில் இறங்கினேன். சக்கரம் கழற்றியாச்சு, டிரம் கழற்றியாச்சு. நடுவில் நட்டே இல்லை. வீல் போல்ட்டுகள் உள்ள ஒரு தட்டு மட்டும். தட்டைக் கட்டிப்பிடித்து இழுத்தேன், வண்டிதான் ஆடியது. எங்கே தப்பு?

ஸ்பேனர்17 எழுதியது:
ஹவுசிங் மேல் இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா, பார்த்தீர்களா?

கிரீஸ்கை எழுதியது:
தப்பு உங்கள் மேல் இல்லை. நீங்கள் பார்த்தது ஒரு ஜாதி, உங்களிடம் இருப்பது வேறு ஜாதி. இரண்டுக்கும் பெயர் ஆக்சில்தான், செய்கிற வேலை வேறு.

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருசு சுற்றாது. சக்கரம்தான் இருசின் மேல் சுற்றும், கழன்று ஓடாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். மோட்டார் வண்டியில் சக்கரத்தைச் சுற்றவும் வைக்க வேண்டும். ஆக மூன்று வேலை: பாரம் தாங்குவது, சக்கரத்தைப் பிடித்து வைப்பது, சுழற்றுவது. இதில் எதை எந்த உறுப்பு செய்கிறது என்று தெரிந்தால் கழற்றும் வழியும் தானாகத் தெரியும்.

நீங்கள் பார்த்த லாரியில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங். அங்கே வெளிக்குழாய், அதாவது ஹவுசிங்தான் இருசு. அதன் முனையில் இரண்டு டேப்பர் பேரிங் மேல் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் குடம், உட்கார்ந்திருக்கும். ஹப்பைப் பிடிக்கும் பெரிய நட்டும் லாக்கும்தான் கடையாணி. உள்ளே ஓடும் ஷாஃப்டுக்குச் சுற்றுவதைத் தவிர ஒரு வேலையும் கிடையாது. அதை உருவினால் சக்கரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உங்களுடையது செமி ஃப்ளோட்டிங். அந்த ஷாஃப்டேதான் பாரமும் தாங்குகிறது, சக்கரத்தையும் பிடித்திருக்கிறது, சுற்றவும் செய்கிறது. வெளிமுனையில் ஒரே பேரிங். இதை உருவினால் சக்கரமும் கூடவே வரும். அதனால் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்காமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள்.

செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்து வைக்க இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, வெளிப்பக்கம் பேரிங்கைப் பிடிக்கும் தட்டு. பிரேக் பிளேட்டோடு சேர்த்து நாலு நட்டில் இறுக்கியிருக்கும். இன்னொன்று, உள்ளே டிஃப்ரன்ஷியலுக்குள் (இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி) ஷாஃப்டின் நுனியில் குதிரை லாட வடிவில் ஒரு கிளிப். இதில் வெளியே ஒன்றும் தெரியாது, பின்மூடியைத் திறந்தால்தான் உண்டு.

வீல் போல்ட்டுகள் உள்ள உங்கள் தட்டில் ஒன்றிரண்டு ஓட்டை இருக்கிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள்.

மண்பாதை எழுதியது:
கிரீஸ்கை அண்ணா, இருக்கிறது! விரல் நுழையும் அளவு ஒரு ஓட்டை. தட்டைச் சுற்றினால் அதன் வழியே பின்னால் ஒவ்வொரு நட்டாக வந்து எட்டிப் பார்க்கிறது. மொத்தம் நாலு. நாலு நாளாக இதைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரீஸ்கை எழுதியது:
அப்படியென்றால் நல்ல காலம், டிஃப்ரன்ஷியலைத் திறக்க வேண்டாம். நீட்டிப்போடு சாக்கெட்டை ஓட்டைக்குள் விட்டு நாலையும் கழற்றுங்கள். ஷாஃப்ட் கையால் இழுத்தால் வராது, பேரிங் ஹவுசிங்குக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஸ்லைடு ஹேமரை (கம்பியில் சறுக்கி வந்து அடிக்கும் எடை) தட்டில் மாட்டி வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். இல்லையென்றால் டிரம்மைத் திருப்பி, குழிவுப் பக்கம் வெளியே பார்க்க, வீல் நட்டை நாலைந்து மரை மட்டும் போட்டு, டிரம்மைப் பிடித்து வெளியே வெடுக்கென்று இழுப்பதும் உண்டு. நட்டில் டிரம் மோதுகிற மோதலே சுத்தியல். மரை நசுங்கினால் என்னைத் திட்டக் கூடாது.

சில வண்டியில் பிரேக் பிளேட்டும் கூடவே வரும். அப்போது பிரேக் பைப்பையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் முதலில் விடுவித்துவிடுங்கள். ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதையும்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கியரில் விட்டிருக்கிறேன் என்று நம்பாதீர்கள்.

பழைய ஓட்டுநர் எழுதியது:
தம்பி, அந்தக் கடைசி வரியை ரெண்டு தடவ படிங்க. நான் பட்டவன்.

லேசான சரிவுல லாரி நிக்குது. ஒரு பக்க ஷாஃப்ட் ஒடஞ்சுபோச்சு. அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் சக்கரத்துல இல்ல, கியர்பாக்ஸுக்குப் பின்னாடி, பின் ஆக்சிலுக்குப் போற ஜாயின்ட் ஷாஃப்ட்டு மேல டிரம். ஹேண்ட்பிரேக்கும் போட்டாச்சு, ஃபர்ஸ்ட் கியரும் போட்டாச்சு, எனக்கு முழு நம்பிக்கை. ஷாஃப்ட் ஒடஞ்சப்பவே வண்டி நகந்திருக்கணும், முன்னாடி டயர் ஒரு சின்னக் கல்லுல தட்டி நின்னுருக்கு போல, நான் கவனிக்கல. நட்டைக் கழட்டி ஷாஃப்டை உருவற ஆட்டத்துல டயர் கல்லைத் தாண்டிருச்சு. வண்டி மெதுவா, சத்தமே இல்லாம, என்னத் தாண்டிப் போகுது. கையில ஒடஞ்ச ஷாஃப்டோட பின்னாடியே ஓடுறேன். மண்மேட்டுல முட்டி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல.

ஒரு பக்கம் ஷாஃப்ட் இல்லேன்னா டிஃப்ரன்ஷியல் அந்தப் பக்கம் சும்மா சுத்திக்கும், மறுபக்கத்தையும் பிடிக்காது. இன்ஜினும் பிடிக்காது, ஜாயின்ட் ஷாஃப்ட்டு பிரேக்கும் பிடிக்காது. சக்கரத்து டிரம்முக்குள்ளயே பிடிக்கிற பிரேக்குதான் பிடிக்கும். கட்டை போடாம ஸ்பேனர் எடுக்காதீங்க.

திருகாணி எழுதியது:
அவர் சொன்ன ‘உடைந்த ஷாஃப்ட்’ பற்றி ஒரு கணக்கு. பாரம் அதிகமானதால் ஆக்சில் உடைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரம் ஷாஃப்ட் மேல் உட்காருவதே இல்லை, பிறகு எப்படி உடையும்? முறுக்கினால்தான்.

400 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கும் இன்ஜின் என்று வையுங்கள். முதல் கியர் 7 மடங்கு, ஆக்சில் நடுவில் உள்ள கிரௌன் பினியன் பல்சக்கர ஜோடி 6 மடங்கு. 400 × 7 × 6 = 16,800. பக்கத்துக்குப் பாதி என்றால் 8,400. இதே வண்டி நேரடி டாப் கியரில் போகும்போது பக்கத்துக்கு 1,200 மட்டுமே. ஏழில் ஒரு பங்கு! பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் முதல் கியரில், கிளட்சைப் படக்கென்று விட்டு எடுக்கும் அந்த ஒரு நொடிதான் ஷாஃப்டின் ஆயுளைத் தின்கிறது. சேற்றில், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப்ரன்ஷியல் லாக்கைப் போட்டு, ஒரு சக்கரம் வழுக்கி மறு சக்கரம் பிடித்துக்கொண்டால் கிட்டத்தட்ட முழு 16,800ம் ஒரே ஷாஃப்டில் ஏறும்.

விட்டம் கொஞ்சம் கூடினாலும் பலன் பெரிது. முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடியில் ஏறும். 30 மில்லிமீட்டரை 33 ஆக்கினால் 33 சதவீதம் கூடுதல்.

உடைந்த முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 45 பாகையில் திருகுபோல உடையும். நொறுங்கும் தன்மையுள்ள இரும்பும் அப்படித்தான். மிருதுவான இரும்பு குறுக்கே தட்டையாக அறுந்து, முகத்தில் சுழல் அடித்த மாதிரி தெரியும். முகத்தின் ஒரு பகுதி கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல வழவழவென்றும், மிச்சம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது இன்றைக்கு உடைந்ததல்ல, விரிசல் பல மாதமாக நகர்ந்து வந்திருக்கிறது.

இரவுப்பயணி எழுதியது:
உடைந்ததை வெல்டிங் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்களே? என் கண்ணால் பார்த்திருக்கிறேன், நாலு மாதம் ஓடியது.

திருகாணி எழுதியது:
நாலு மாதம் ஓடியது என்றுதான் சொல்கிறீர்கள், ஐந்தாவது மாதத்தைச் சொல்லவில்லை. அந்த ஷாஃப்டுகளுக்கு வெளித்தோல் மட்டும் மின்தூண்டலால் சூடேற்றிக் கடினப்படுத்தப்பட்டிருக்கும், உள்கரு மிருதுவாக விடப்பட்டிருக்கும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த ஏற்பாடு கலைந்துவிடும். பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். செமி ஃப்ளோட்டிங்கில் போனால் சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும். உள்ளே லாடக் கிளிப் உள்ள வகையில் இது இன்னும் மோசம், உடைந்தால் வெளித்துண்டைப் பிடிக்க எதுவுமே இல்லை.

இரவுப்பயணி எழுதியது:
நடுவழியில் மாட்டிக்கொண்டவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. லாரியில் செய்தால் வீடு வந்து சேரலாம் என்றுதான் சொன்னேன். சரி, விடுங்கள்.

பழைய ஓட்டுநர் எழுதியது:
ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கப்பா. ஒடஞ்ச லாரிய இழுத்துட்டுப் போறதுதான் வழி, அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பின்சக்கரம் தரையில உருள இழுக்கறதா இருந்தா நல்லா இருக்கற ஷாஃப்டையும் உருவிடணும், இல்ல ஜாயின்ட் ஷாஃப்டைக் கழட்டிடணும். இன்ஜின் ஓடலேன்னா கியர்பாக்ஸுல கீழ் ஷாஃப்ட் சுத்தாது, எண்ணெய வாரி மேல அடிக்க ஆள் இல்ல. சக்கரம் மட்டும் மெயின் ஷாஃப்டைச் சுத்திக்கிட்டே வந்தா பேரிங் காஞ்சு வெந்துரும். நியூட்ரல்ல இருக்கேன்னு நினைக்காதீங்க. உருவின ஓட்டைய நல்லா மூடிக் கட்டுங்க. ஹப் எண்ணெய் கொட்டும், புழுதி உள்ள போகும்.

உள்ள மாட்டிக்கிட்ட துண்ட எடுக்கறதுதான் பெரிய பாடு. சின்னத் துண்டுன்னா நீளக் கம்பி நுனில காந்தம் வெச்சு இழுக்கலாம். பெருசுன்னா பைப்புக்குள்ள ஒயரை மடிச்சு விட்டு நுனில சுருக்கு வெச்சு மாட்டணும். மறுபக்கத்துலேர்ந்து கம்பியால தள்ளலாம்னு சொல்லுவாங்க. டிஃப்ரன்ஷியல் நடுவுல கூட்டல் குறி மாதிரி சிலுவை இருந்தா அது குறுக்க நிக்கும், தள்ள முடியாது.

கிரீஸ்கை எழுதியது:
லாரி ஷாஃப்டை உருவுவதில் ஒன்று விட்டுப்போயிற்று. நட்டுக்கு அடியில் பிளந்த கோன்கள் (கூம்பு வளையங்கள்) இருக்கும், அவைதான் கவ்விக்கொண்டிருக்கும். சிலர் ஃபிளாஞ்சுக்கும் (ஷாஃப்டின் முனைத் தட்டு) ஹப்புக்கும் இடையில் உளியைச் செருகி அடிப்பார்கள். ஹப் முகம் காயம்பட்டு ஆயுளுக்கும் கசியும். பித்தளைக் கம்பியை ஃபிளாஞ்ச் நடுவில் வைத்து ஓங்கி ஒரே அடி அடித்தால் கோன் துள்ளிக் கழலும். நட்டை முழுசாக எடுத்துவிடாமல் நாலு மரையில் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கோன் முகத்துக்கு வரும்.

இரவுப்பயணி எழுதியது:
நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் கார். முழுசாகத் திருப்பும்போது ‘டக் டக் டக்’. சிவி ஜாயின்ட் (ஷாஃப்ட் கோணத்தில் மடங்கியும் சுற்ற உதவும் மூட்டு) என்று தெரியும், இதில் ஃப்ளோட்டிங் எந்த வகை?

கிரீஸ்கை எழுதியது:
எந்த வகையும் இல்லை. அங்கே பாரம் ஹப் பேரிங்கில், ஷாஃப்ட் சுற்ற மட்டுமே. ஆனால் ஒரு சூட்சுமம்: பல வண்டிகளில் அந்த ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே ஷாஃப்டின் நுனி நட்டுதான். ஷாஃப்டை எடுத்துவிட்டு அதே சக்கரத்தில் வண்டியை இறக்கித் தள்ளினால் பேரிங் வாய் பிளந்துவிடும்.

திருப்பும்போது சத்தம் என்றால் வெளி ஜாயின்ட். நேராக வேகமெடுக்கும்போது அதிர்வு என்றால் உள் ஜாயின்ட். வெளியே இருப்பது பெரும்பாலும் ஆறு குண்டு உள்ள ரெசெப்பா வகை. 1959ல் வந்த மினி காரில் போட்டதும் அந்த இனம்தான். சாதாரணக் குறுக்கு ஜாயின்ட் கோணத்தில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் ஏறி இறங்கும், திருப்பத்தில் ஸ்டீயரிங் துடிக்கும். அதைத் தீர்க்கத்தான் இந்தக் குண்டு வித்தை.

நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள், பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டி இறுக்கியிருக்கும். முதலில் நசுக்கிய லாக்கை நிமிர்த்த மறக்காதீர்கள். கீழ் பால் ஜாயின்டைப் பிரித்து ஹப்பை வெளியே சாய்த்தால் நுனி கழலும். வராவிட்டால் புல்லர் போடுங்கள். மரை மேல் நேராகச் சுத்தியல் படக் கூடாது. பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

உள்முனையை மட்டும் கவனம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஷாஃப்டின் நடுவைப் பிடித்து ஒரே இழு இழுத்தேன். உள் ஜாயின்ட் பிரிந்து, மூன்று உருளையும் கிரீஸோடு ரப்பர் உறைக்குள் விழுந்தன. வெளி ஜாயின்ட் மாற்ற வந்தவன் இரண்டையும் பிரித்து உட்கார்ந்திருந்தேன். ஷாஃப்டை இழுக்கக் கூடாது. கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயின்டுக்கும் இடையில் நெம்பியைக் கொடுத்து ஒரு வெட்டு வெட்டினால் உள்ளே இருக்கும் வளையக் கிளிப் விடும். கியர் ஆயில் கொட்டும், தட்டு வையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள். சில பெட்டிகளில் உள்ளே பக்கப் பல்சக்கரம் நழுவிவிடும்.

மண்பாதை எழுதியது:
வந்துவிட்டது!! திருப்பிப் போட்ட டிரம்மில் ஏழாவது இழுப்புக்கு. வீல் நட்டு மரை தப்பித்தது. பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிப்போய்க் கிடந்தது. கழுவலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை, ஜோடியாக மாற்றிவிட்டேன்.

பேரிங்கும் கடகட என்றது. அதைப் பிடித்திருந்த இரும்பு வளையத்தை எப்படி எடுப்பது?

கிரீஸ்கை எழுதியது:
வளையத்தில் துளைபோடுங்கள், ஷாஃப்டைத் தொடும் முன் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை உளியால் ஒரு அடி, பிளந்துவிடும். கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம், மேலே திருகாணி சொன்ன அதே காரணம். பழைய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது. புதுப் பேரிங்கைப் பிரஸ்ஸில் முதலில் ஏற்றி, பிறகு தனியாக வளையம். இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள். பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பேரிங்கைப் பிடிக்கும் அந்த நாலு ஓட்டைத் தட்டை ஷாஃப்டில் மாட்டுங்கள்!

மண்பாதை எழுதியது:
அண்ணா, கடைசி வரியைப் படிக்காமல் பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

புதுப் பேரிங், புது வளையம், எல்லாம் ஏற்றியாச்சு. தட்டு தனியாகக் கையில் இருக்கிறது. பேரிங்கைத் தாண்டி அது உள்ளே போகாது.

கிரீஸ்கை எழுதியது:
இந்த வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஒரு தடவை இப்படி நின்றிருப்பார்கள். இன்னொரு பேரிங், இன்னொரு வளையம். வேறு வழி இல்லை.

மண்பாதை எழுதியது:
பத்து நாள் கழித்து வருகிறேன். இந்த முறை தட்டு, பேரிங், வளையம் என்ற வரிசையில் போட்டேன். சீல் உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்டின் பல்லு சீலைக் கீறாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நுழைத்தேன். பிரேக் காற்று எடுத்தேன். ஹவுசிங்கில் ஆயில் அளவு பார்த்தேன், நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை. வண்டி ஒழுங்காக நிற்கிறது.

ஆனால் நேற்று நீண்ட தூரம் போய் வந்து பார்த்தால் பிரேக் பிளேட்டின் அடியில் மறுபடி ஒரு ஈரம். புது சீல்!

ஸ்பேனர்17 எழுதியது:
மூச்சுக்குழாய்.

மண்பாதை எழுதியது:
மன்னிக்கவும், முதல் நாளே கேட்டீர்கள். மூச்சுக்குழாய் எங்கே என்றே தெரியாததால் தாண்டிப் போய்விட்டேன். இப்போது தேடினேன். ஹவுசிங் குழாயின் மேல் பக்கம், சேறு காய்ந்து ஒரு மொக்கு மாதிரி. ஓட்டி வந்த சூட்டோடு அதை ஸ்பேனரால் அரைத் திருகு தளர்த்தினேன். ‘புஸ்ஸ்’ என்று சைக்கிள் டியூப் மாதிரி காற்று போனது. மூடி அசையவே இல்லை.

ஸ்பேனர்17 எழுதியது:
ஓடும்போது உள்ளே எண்ணெயும் காற்றும் சூடாகி விரியும். போக வழி இல்லாவிட்டால் சீல் உதட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். பழைய சீல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சீல் கெட்டிருக்காது, ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

மண்பாதை எழுதியது:
பழையதை டீசலில் ஊறப் போட்டால் போதுமா, புதிது வாங்கணுமா?

ஸ்பேனர்17 எழுதியது:
ஊறப் போட்டு, மூடி விரலால் தடையில்லாமல் சுற்றினால் போதும். வண்டி ஓடைக்குள் இறங்கும் என்றால் அதற்குப் பதில் ஒரு நிப்பிள் போட்டு, ரப்பர் குழாயை சேசிஸ் உயரம் வரை மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சடாரென்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் ஏற்கெனவே உறிஞ்சியிருக்கிறது.

மண்பாதை எழுதியது:
பார்த்தேன். தேன் நிறம்தான். குழாயை இன்றைக்கே கட்டிவிடுகிறேன்.